ஆயுதம் கேட்ட கொன்ராட்டின் அமெரிக்கன் கடை

மட்டக்களப்பு டச்பாரில் தச்சுவேலை செய்துவந்த கொன்ராட்டின் வீட்டையும் பட்டறையையும் சுனாமி ஒரே அலையில் கொண்டுபோனது. அவரும் மனைவி குவெண்டலினும் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார்கள். முகாமில் நிவாரணப் படிவம் நிரப்ப வந்த பெண்ணிடம், தொழிலுக்கு எட்டு ஆயுதம் வேண்டும் என்றார் கொன்ராட். உளி, வாள், சீவுளி எல்லாமே தச்சருக்கு ஆயுதம்தான். யுத்தம் முடியாத அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை எழுத அவளுக்குப் பயம். ஆங்கிலத்தில் 'டூல்ஸ் எட்டு' என்று எழுதினாள்.

போகிற வழியில் அதன் முன்னால் ஓர் 'ஸ்' ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியவை எட்டு ஸ்டூல்கள். சிவப்பு மெத்தை, பளபளக்கும் ஒற்றைக் கால், உட்கார்ந்தால் சுற்றும். அவற்றோடு சேர்ந்த நீண்ட மேசையும் வந்தது. ஐம்பது வருடமாக லொறிக்காரர்கள் இருந்து சாப்பிட்ட கடை, மூடிவிட்டோம், அன்போடு அனுப்புகிறோம் என்று ஒரு கடிதம்.

திருப்பி அனுப்புவதற்குப் படிவம் இருக்கவில்லை. கல்லடியில் வாவிக்கரையோரம் தகரக் கொட்டில் போட்டு, எட்டையும் சீமெந்தில் இறுக்கினார் கொன்ராட். குவெண்டலின் பிட்டும் இறால் கறியும் விற்றாள். சனம் சுற்றுவதற்காகவே வந்தது. ஒருநாள் சோதனைக்கு வந்த ஆமிக்காரன் எல்லோரையும் எழுப்பி, ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். பிறகு துவக்கை மேசையில் வைத்துவிட்டு, தானும் ஏறி மூன்று சுற்றுச் சுற்றினான்.

2007இல் ஷெல்லடிக்குப் பயந்து வவுணதீவிலிருந்து ஓடிவந்த விவசாயி வினாயகமூர்த்தி, ஒவ்வொரு காலையும் கடைசி ஸ்டூலில் வந்து இருப்பார். மேற்கே திரும்பித் தன் ஊர்ப் பக்கம் பார்ப்பார், பிட்டுக்குத் திரும்புவார், மறுபடி மேற்கே. கறி ஆறிப்போகும். குவெண்டலின் சூடாக்கிக் கொடுப்பாள்.

யுத்தம் முடிந்த வருடம், ஊர் திரும்பியிருந்த அவர் உழவு மெசினில் வந்து இறங்கினார்.

"கொன்ராட் பாஸ், அந்த ஸ்டூல் என்ட வட்டைக்கு வேணும்."

"வயலுக்க என்னத்துக்கு?"

"கிளி நாலு பக்கத்தாலயும் வருது. கழுத்து நோகுது."

கொன்ராட் சுத்தியலை எடுத்தார். கடைசி ஸ்டூலின் சீமெந்தை உடைத்தார். அடுத்த நாள் வவுணதீவு வயலின் நடுவே பரண் கட்டி, அதன்மேல் ஸ்டூலைத் தானே பூட்டினார். வினாயகமூர்த்தி ஏறி இருந்து, தகரத்தைத் தட்டியபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். கிளிகள் எழும்பிப் போயின.

கடையில் ஓர் இடம் வெறுமையானது. அதில் வேறு எதையும் வைக்கவேண்டாம் என்றாள் குவெண்டலின். அவசரக்காரர்கள் அந்த இடத்தில் நின்றபடியே சாப்பிட்டார்கள்.