மச்சான் விலைக்கு வாங்கிய கையேடு

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். பாலக்காட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவன், பத்தாவதைத் தாண்டாதவன். உரிமம், பதிப்புரிமை பற்றி எழுத நான் யார் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் அக்கா என்னிடம் கொடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கையேட்டைத் தொடும்போதெல்லாம் மவுத்தாகிப்போன மச்சானின் ஞாபகம் வருகிறது. என் அக்காவின் வீட்டுக்காரர், அவரும் கடைக்காரர்தான். அதில் பாதிக்கு மேல் அவர் எழுதியது. அவரே அதைக் காசு கொடுத்து வாங்கினார்.

கடைக்கணக்குக்கு ஒரு கட்டற்ற மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடியது, கிடைத்தது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் நாமே ஒரு கையேடு எழுதலாம் என்று மச்சான் ஆரம்பித்தார். தப்பாய்ப் போட்ட பில்லை ரத்து செய்வது பற்றி நான் எழுதினேன். வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவர் எடைக் கழிவு பற்றி எழுதி அனுப்பினார். இன்னும் பலர் சேர்ந்தார்கள். இணையத்தில் போடும்போது முதல் பக்கத்தில் மச்சான் எழுதினார்: யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அச்சடித்து விற்கலாம், எழுதியவர்கள் பெயர் இருக்க வேண்டும், இதே உரிமை அடுத்தவருக்கும் போக வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்தார். “நல்ல தொகை தர்றேனுங்க. உரிமை பூராவும் எங்க பேருக்கு எழுதிக்குடுங்க. நெட்டுல இருக்கறதை எடுத்துடோணும்.”

மச்சான் கடைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த மழைக்காலம் அது. அக்கா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மச்சானும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான் ஒருத்தன் எழுதினதில்லீங்க, ஒருத்தனாக் கையெழுத்துப் போட. நீங்க அச்சடிங்க, வித்துக்குங்க. அந்த மொதப் பக்கம் மட்டும் அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

பதிப்பாளர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் ஆத்திரம். “சும்மா எடுத்து விக்கச் சொல்றீங்களே, மச்சான்! நாம என்ன இளிச்சவாயனுங்களா?”

மச்சான் சிரித்தார். “பள்ளிவாசல் கெணத்துத் தண்ணியிலதான்டா டீக்கடைக்காரர் டீ போட்டு விக்கிறாரு. தினம் காசு குடுத்துக் குடிக்கிறியே, என்னைக்காச்சும் சண்டைக்குப் போனியா? கெணத்தைப் பூட்டினாச் சொல்லு, நானும் வர்றேன்.”

அல்லாஹ்வின் பேரில் பொதுவுக்கென்று வக்ஃபாகக் கொடுத்ததை விற்க முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்தையும் அப்படிக் கொடுக்கலாம் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் இருந்தது.

அந்தப் பதிப்பாளர் கடைசியில் அச்சடித்தார். முதல் பக்கம் அப்படியே இருந்தது, எல்லார் பெயரும் இருந்தது. மச்சான் முழு விலை கொடுத்து ஒன்று வாங்கி வந்து, “நல்லா பைண்டிங் போட்டிருக்கான்டா” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அக்காவிடம் நீட்டினார். கூரை அந்த வருடமும் ஒழுகியது. அக்கா அந்தப் புத்தகத்தை நனையாத மூலையில் வைத்தாள்.

இப்போது மென்பொருள் எவ்வளவோ மாறிவிட்டது. முகம் தெரியாத யார் யாரோ இணையத்தில் கையேட்டைத் திருத்துகிறார்கள். நான் எழுதிய பக்கத்தில் என் வரி ஒன்றுகூட மிச்சமில்லை. பெயர் மட்டும் இருக்கிறது. மச்சான் பெயரும் இருக்கிறது. அல்லாஹ் அவர் அடங்கியிருக்கும் கபுறை வெளிச்சமாக்குவானாக.

கையேட்டை நீங்களும் திருத்துங்கள், அது அதற்காகவே எழுதியது. இந்தக் குறிப்பை மட்டும் திருத்தாமல் அடுத்தவருக்குக் கொடுங்கள். மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வரும். மச்சானுக்கு வராது.