இறங்காமல் கடந்த தெரு

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவன், தைக்கிறவன், கணக்கு எழுதுகிற நான். வராதவன் பண்டல் கட்டுகிறவன். நாங்கள் போகவிருந்தது அவன் ஊர் வழியாக.

வாரத்தில் அந்த ஒருநாள் விடுமுறைக்கு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, திருப்பூரைச் சுற்றி அதுவரை மிதிக்காத பாதை எதுவோ அதில் போவோம். போய் என்ன செய்வீர்கள் என்றால், ஒன்றுமில்லை. கிணறு கண்டால் குளிப்போம். டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். சைக்கிள் கடை நோட்டில் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் கையெழுத்துப் போடுவேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான்.

சனிக்கிழமையே பண்டல்காரன் என்னைக் காட்டி மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டான். "எங்கூருக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஓட்டீட்டுப் போலாம். இவன் மட்டும் எறங்கித் தள்ளோணும். சேரி ஆளுக யாரும் அந்தத் தெருவுல ஏறிப் போனதில்லே. நூறு தப்படிதான். எறங்குனா என்னடா செலவாயிரும்?"

அந்தத் தெரு எனக்குத் தெரியும். அப்பா டவுனுக்குச் சாயப்பட்டறை வேலைக்கு வருமுன், அந்த ஊருக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். பின்னால் நானும் நடந்திருக்கிறேன்.

தெரு முக்கில் வெட்டுகிறவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மிதிடா" என்றேன்.

பாதித் தெருவில் ஒருவர் என் ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். சீட்டை விட்டு எழவில்லை.

"எறங்கு கண்ணு."

"பொது வழிங்க. எறங்கச் சொல்றது குத்தம்னு சட்டம் இருக்குதுங்க. படிச்சிருக்கறனுங்க."

"அத்தனை படிச்சவனுக்கு எறங்கத் தெரியாதா?"

"ஏறத்தானுங்க பழகுனேன்."

அவர் மற்ற இருவரிடம், "நீங்க போங்க. இவன் தள்ளீட்டு வரட்டும்" என்றார்.

தைக்கிறவன் சொன்னான்: "சேந்து வந்தமுங்க. சேந்தே போறமுங்க."

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆறு சக்கரத்திலும் வால்வைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். "இப்ப மூணு பேரும் தள்ளித்தானே ஆகோணும்!" என்று ஒருவன் சிரித்தான்.

நான் மிதித்தேன். காற்றில்லாத சக்கரம் கல்லில் இடிக்க இடிக்க, எலும்பெல்லாம் அதிர, மிதித்தேன். பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்களின் கடகட சத்தம். சிரிப்பு நின்றுபோனது. கடைசி வீட்டைத் தாண்டிய பிறகுதான் இறங்கினோம். அங்கிருந்து ஏழு மைல் தள்ளிக்கொண்டு வந்தோம்.

கடைக்காரர் டயரைப் பிரித்துப் பார்த்தார். "ஏனப்பா, காத்தில்லாமயா ஓட்டுனீங்க? ஒரு டியூப்பும் தேறாது." ஆறு புது டியூப் பன்னிரண்டு ரூபாய். ஆறு மணி நேர வாடகை தனி.

திங்கட்கிழமை பண்டல்காரன் என் மேசையில் பணம் வைத்தான். "என் பங்குடா" என்றான்.

"ஓட்டுனவங்க பங்கு மட்டுந்தான்" என்று திருப்பிக் கொடுத்தேன். "எறங்குனா என்ன செலவாயிரும்னு கேட்டயல்ல? எறங்காததுக்கு ஆன செலவை எழுதி வெச்சிருக்கறேன், பாத்துக்க."

பதினான்கு ரூபாய் எழுபது காசு.