இடம் பார்க்கப் போன பெரியம்மா

பெரியம்மாவின் குரலைவிடத் தகரக் கூரையில் விழுந்த மழைதான் கைபேசியில் உரக்கக் கேட்டது. அந்தக் காலையை நினைத்தால் முதலில் காதுக்குள் வருவது அந்தச் சத்தம்தான். அப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பெரியம்மா இருக்கும் கொத்மலைப் பக்கம் மண்சரிவு அபாயம், சரிவுகளில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று சிங்களத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. வாசித்த கையோடு அவரை அழைத்தேன்.

"தெரியும் பாப்பா. கோயில் ஸ்பீக்கர்லயும் சொல்லிட்டாங்க. எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க."

"அப்ப நீங்க ஏன் போகல?"

"பச்ச ஒடம்புக்காரிய வச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

பெரியம்மாவின் ஒரே மகளான அக்காவுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வயிற்றில் தையல். அவள் கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். முந்தைய மழைக்கும் இப்படித்தான் எச்சரிக்கை வந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே காலியாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. நிறைமாத வயிற்றோடு அக்கா ஈரச் சிமெந்துத் தரையில் படுத்துக் கிடந்தாள். அங்கே கக்கூஸுக்குக் கதவு கிடையாது. அவள் போகும்போதெல்லாம் பெரியம்மா சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். மலையோ அசையவேயில்லை. திரும்பி வந்ததும், "இனிமே என்னய அங்க கூப்பிடாதம்மா" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

நான் கைபேசியில் கத்தினேன். பெரியம்மா, "சரி, நான் முன்னாடி போயி மறைவா ஒரு எடம் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பள்ளிக்கூடத்து அதிபரிடம் கெஞ்சி அவருடைய அறையைத் திறக்க வைத்து, பெருக்கிப் பாயையும் விரித்துவிட்டு, மகளைக் கூட்டிவரத் திரும்பியிருக்கிறார். பாதி வழியில், மலை சரிந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஆட்கள் எதிரே ஓடி வந்தார்கள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மண்ணுக்கடியிலிருந்து அக்காவையும் குழந்தையையும் சேர்த்தே எடுத்தார்கள். சாயந்திரம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, விரித்த பாயின் ஓரத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். வேறு யாரையும் அதில் உட்கார விடவில்லை.

பிறகு வந்த அதிகாரி ஒருவர், முன்கூட்டியே சொல்லியும் ஏன் போகவில்லை என்று கேட்டார். நாங்கள் செய்தியைக் கேட்டோம், நம்பவும் செய்தோம். போகச் சொன்ன இடத்தில் ஒரு பிள்ளை பெற்றவள் எப்படி இருப்பாள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இதை அவருக்கு விளங்கும் சிங்களத்தில் நான்தான் சொன்னேன்.

அதற்குப் பின் பெரியம்மா ஓயவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் வழியில் தோட்ட அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் போய்ப் போய் நின்றார். போன மழைக்கு மறுபடியும் எச்சரிக்கை வந்தது. அழைத்தேன். அவர் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் இருந்தார். லயத்துக் கர்ப்பிணிப் பெண்களையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"கக்கூஸுக்குக் கதவு போட்டுட்டாங்க பாப்பா" என்றார். பிறகு அவரே சொன்னார்:

"இப்பத்தான் போட்டாங்க."