வெற்றிலைக் கிள்ளலும் பென்சிலின் வில்லையும்

நாசரேத்து ஜேசுபாதம், தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகச் சீழும் சளியும் பார்த்துப் பிழைப்பவர். கைச்சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்ச்சுத்தத்தில்தான் வம்பு. மூன்று மாதத்துக்கு முன், சபை குருவானவர் முன்னால் வேதத்தின் மேல் கைவைத்து, இனி வெற்றிலையைத் தொடமாட்டேன் என்று மனைவி இன்பமணிக்குச் சத்தியம் செய்திருந்தார். இன்பமணி அதே ஆஸ்பத்திரி ஆபீசில் டைப்பிஸ்ட். ஆகவே மனுஷர் வீட்டில் பரம யோக்கியர். சோதனைக்கூடத்துக் கதவைச் சாத்தினால் மட்டும் சட்டைப்பையிலிருந்து வெற்றிலை எட்டிப்பார்க்கும்.

1974-இல் ஒருநாள், சங்கு குளிக்கும் பாஸ்கலின் ஆறாத கால்புண்ணிலிருந்து எடுத்த கிருமியை, கிருமி வளர்க்கும் அகர் தட்டில் பரப்பினார். பென்சிலினுக்கு அசைந்து கொடுக்காத அடாவடிக் கிருமி அது. பென்சிலின் தோய்ந்த காகித வில்லையை வைக்கும்போது, நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெற்றிலைக் கிள்ளலும் தட்டில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் தட்டைத் திறந்தால் உள்ளே வெற்றிலை. வில்லையைச் சுற்றிக் கிருமி. வெற்றிலையைச் சுற்றியும் கிருமி. இரண்டுக்கும் நடுவில் மட்டும் பொட்டுக் கிருமி இல்லை. தனித்தனியே ஒன்றும் கிழிக்காத இருவர் கூட்டுச் சேர்ந்து விரட்டியிருந்தார்கள்.

கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தே விட்டார். ஆனால் பாஸ்கலின் கால் கண்முன் வந்து நின்றது. குழாயை மூடிவிட்டு, தட்டோடு டாக்டர் ஞானபாக்கியத்திடம் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. வெற்றிலை வாங்கிவரச் சொல்லி, பத்துத் தட்டுப் போடவைத்தார். எட்டில் அதே கதை.

"தட்டுல நடந்தது காலுலயும் நடக்கும்னு துள்ளாதீங்க. பாஸ்கலுக்கு வேற மருந்து பாக்கேன். ஆனா இதை எழுதி மேல அனுப்பணும்" என்று பேனாவை எடுத்தார்.

"டாக்டரம்மா, வெத்தலை காத்துல பறந்துவந்து விழுந்துச்சுன்னு எழுதிருங்களேன்."

"ஜன்னலே இல்லாத ரூம்புல ஏது காத்து? நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன்."

தாள்கள் டைப்படிக்க ஆபீசுக்குப் போயின. சுவருக்கு அந்தப்பக்கம் டைப்ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சட்டென்று நின்றது. எந்த இடம் என்று ஜேசுபாதத்துக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாக.

மத்தியானம் இன்பமணி தாள்களோடு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பிழையில்லாம அடிச்சிருக்கேன், மூணு காப்பி" என்றாள். "ஒண்ணு டாக்டரம்மாவுக்கு. ஒண்ணு மேலிடத்துக்கு."

"மூணாவது?"

"நம்ம குருவானவருக்கு."