வடைத் தட்டும் வால் பக்கக் காற்றும்

ஊர் நனைந்த பிறகு ‘மழை வரலாம்’ என்று எழுதிக் கொடுப்பதுதான் வானிலைக்காரன் தொழில். அதில் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஹெட்கிளார்க்கின் சட்னி

அறுபதுகளிலேயே என் சட்டைப் பையில் கம்ப்யூட்டர் இருந்தது. சிரிக்காதீர்கள். உள்ளங்கை அகல வட்டத் தகடு, சுற்றிலும் எண்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் வைத்துத் திருகினால், விமானம் மூக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லும். விமானிகள் அதைக் கம்ப்யூட்டர் என்றே சொல்வார்கள். கரண்ட் வேண்டாம். எங்கள் ஹெட்கிளார்க் ஒரு நாள் அதில் வடை வைத்துத் தின்றார். எண்ணெய் இறங்கி, மூன்று நாள் அது இரண்டு மடங்கு வேகமாகக் கணக்குப் போட்டது. அவர் சொன்னது:

“தட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆழம் பத்தல, சட்னி வழியுது.”

மருந்துப் பெட்டி

எங்கள் தீவின் வண்டூர் கிராமத்து மீனவர் அந்தோணி அண்ணனின் மனைவி, தெற்கே கார் நிக்கோபார் தீவில் தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் முற்றிப் படுத்துவிட்டார். மருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். சின்ன விமானம் ஒன்றை ஓட்டிய வங்காளி கேப்டன் சம்மதித்தார். தகடு திருக என்னையும் ஏறச் சொல்லி, “ஹவா கிதர் சே?” என்றார். காற்று எங்கிருந்து என்று அர்த்தம். எங்கள் ஊர் லம்பா லைன் ஓடுதளத்தில், கம்பத்தில் கட்டிய காற்றுப் பையின் வால் வடகிழக்கே நீண்டிருந்தது. காற்று வருவது வாலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து; அதைத்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் வால் பக்கத்தையே சொல்லி, தகட்டையும் அப்படியே திருகினேன். அதற்குள் அந்தோணி அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“பெட்டிய மட்டும் அனுப்பமாட்டேன். அவ கண்ணு முழிக்கையில நான் நிக்கணும்.”

நடுக்கடலில்

தெற்கே அரை மணி நேரம் பறந்திருப்போம். பெட்ரோல் போய்ச் சேர மட்டுமே. தீவைத் தவறவிட்டால் அப்புறம் வெறும் கடல்தான். கீழே நுரையைப் பார்த்துக்கொண்டே வந்த அண்ணன் என் தோளைத் தட்டினார். “காத்து வலப்பக்கம் இருந்து தள்ளுது. மூக்க இடப்பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களே? அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் படகு விடுற ஃபெர்ரிக்காரன்கூட காத்து வர்ற பக்கம் பார்த்துத்தான் மூக்க வைப்பான்.”

கேப்டனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மூக்கை வலப்பக்கம் திருப்பினார். நான் தகட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பிக் கணக்கை மறுபடி போட்டேன். வெகு நேரம் கழித்து, தென்னை வரிசையோடு தீவு தெரிந்தது. மூன்றாம் நாள் அண்ணி கஞ்சி குடித்தார். திரும்பி வந்ததும் தகட்டைக் கடலில் எறியப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது என்ன செய்யும் தம்பி? நீங்க சொன்னத நம்புச்சு, பாவம்.”

இன்று எல்லார் பையிலும் காற்றும் மழையும் சொல்லும் பெட்டி இருக்கிறது. நான் மட்டும் மொட்டை மாடிக் கொடியில் வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, மறக்காமல் அதற்கு எதிர்ப்பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.