அண்ணி இன்னும் பழைய குழுவில்தான்

ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அண்ணனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அவருக்கும் சேர்த்து அண்ணிதான் பேசுவார். ஊரே குடியிருக்கும் அந்தப் பெரிய வலைத்தளத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு குழு தொடங்கியதும் அண்ணிதான். முதல் ஆளாக என்னைச் சேர்த்தார். தொலைந்த சாவி, வராத தண்ணீர், ஓடிப்போன பூனை எல்லாம் அதில் வரும். யாரிடமும் யார் நம்பரும் கிடையாது. குழு இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டோம்.

போன வருடம் அண்ணிக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தது. ஓ நெகட்டிவ். மருத்துவமனையில் இருப்பு தீர்ந்துவிட்டது. அங்கிருந்தபடியே அண்ணன் குழுவில் எழுதினார். அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நான். எனக்கும் ஓ நெகட்டிவ்தான். அன்று முழுக்க அந்தப் பாழாய்ப்போன தளம் எனக்குச் செருப்பு விளம்பரம் காட்டியது. அண்ணன் எழுதியதை மறுநாள் சாயங்காலம்தான் காட்டியது. பதறியடித்துக்கொண்டு ஓடினேன்.

"எங்கண்ணே ரத்தம் குடுக்கணும்?"

"காலையிலயே போயிட்டா, தங்கச்சி."

அடுத்த மாதமே அண்ணன் வேறு தளம் தேட ஆரம்பித்தார். ஒன்றில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. இன்னொன்று ஆளைவிட விளம்பரத்தை அதிகம் சேர்த்தது. கடைசியில், எழுதியது எழுதிய நொடியிலேயே எல்லோருக்கும் போகிற சின்னத் தளம் ஒன்று அகப்பட்டது.

"கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார் மாடிவீட்டுக்காரர். அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது எனக்கு. வாயே திறக்காத அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினார். ரிப்பேருக்குப் போன இடத்தில், "முதல்ல போனைக் குடுங்க, அப்புறம்தான் ஃபிரிட்ஜைத் தொடுவேன்" என்று மிரட்டினார். மாடிவீட்டுக்காரரும் ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடிய அன்று வழிக்கு வந்தார். எட்டு மாதத்தில் தெருவே புதியதில் சேர்ந்தது.

பழையதை மட்டும் அண்ணன் மூடவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மூலைவீட்டு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பழக்கதோஷம், பழைய குழுவில் எழுதிவிட்டார். மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். அதைக் கேட்ட அண்ணன் அன்றைக்கே உட்கார்ந்து பழைய குழுவிலிருந்து ஒவ்வொருவராக நீக்கினார். கடைசி ஆள்வரை நீக்கினால்தான் அது மூடுமாம். அப்புறம் என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார்.

"ஒண்ணுதான் பாக்கி. எனக்குக் கை வரமாட்டேங்குது. நீயே அழுத்திடு, தங்கச்சி."

பார்த்தேன். அண்ணி. தானே எடுத்த படம், பாதி முகம்தான் விழுந்திருந்தது. பக்கத்தில் 'நீக்கு'. என்னை முதலில் சேர்த்தவரை நான் எப்படி நீக்குவேன்? மூலைவீட்டு அக்காவை நினைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே அழுத்தினேன்.

உறுப்பினர் ஒருவர் என்று காட்டியது.

"அது நான்தான்" என்றார் அண்ணன்.