பத்துக் குழாயில் ஏழு

“சொட்டு மருந்து வந்தப்புறம்தான் இந்தப் புது வைரஸே வந்துச்சாம் தம்பி. லேப்ல வேலை பாக்குறவங்களே சொல்றாங்களாம்.”

அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டுத் தையல்காரி சொன்னதாக அண்ணி தொலைபேசியில் சொன்னார். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டை அண்ணி தன் கைக்குழந்தைக்கு இன்னும் கொடுக்கவில்லை. முதல் சொட்டுக்கு வயது வரம்பு உண்டு; இன்று மாலை மருத்துவமனை மூடினால் அது தாண்டிவிடும்.

லேப் என்றதும் எனக்கு அக்கா மேல்தான் சந்தேகம். டயப்பரிலிருந்து எடுத்த மலத்தைக் குழாயில் கரைத்து, அதில் எந்த ரக வைரஸ் என்று பார்ப்பது அவள் வேலை. வீட்டில் அவளுக்கு ‘டயப்பர் டாக்டர்’ என்று பட்டம். சாப்பிடும்போதும் அதே கதைதான். மற்ற எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோம். அம்மா மட்டும் உட்கார்ந்து கேட்பாள்.

கடல் தாண்டி இருந்துகொண்டு வேறென்ன செய்ய? அக்காவை அழைத்து அண்ணி சொன்னதைச் சொன்னேன்.

“நீ ஏதாவது உளறினியா?”

“நானா? பத்து குழாய் பாத்தா ஏழுல ரோட்டா வைரஸ்ல ஒரே ரகம்தான், முன்னாடி ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்னு அம்மாகிட்ட சொன்னேன். உண்மைதானே?”

“அப்போ மருந்துதான் கொண்டுவந்துச்சா? மறைக்காம சொல்லு.”

“உன் தலை! மருந்துக்கு முன்னாடி எடுத்த குழாயெல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு. அதுலயும் அந்த ரகம் இருக்குடா. அப்பவும் ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். இப்ப ஏன் ஏறியிருக்குன்னு முழுசா தெரியல. மருந்துக்கும் பங்கு இருக்கலாம்.”

“பாத்தியா!”

“முழுசா கேளுடா. அப்பல்லாம் இந்த மாசத்துல குழாய் வைக்க இடம் இருக்காது. வார்டுல ஒரே கட்டில்ல மூணு குழந்தை கிடக்கும். இப்ப வர்றதே அந்தப் பத்துதான்.”

“இதை அம்மாகிட்ட சொன்னியா?”

சொல்லவில்லையாம். அவர்கள் ஆய்வகத்தில் பத்துக்கு எத்தனை என்றுதான் பேசிக்கொள்வார்கள். மொத்தம் குறைந்தது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டிலும் அப்படியே பேசியிருக்கிறாள். அந்தப் பாதிப் பேச்சு அம்மாவிடமிருந்து எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது.

“காலையில உன் அண்ணியக் கூப்பிட்டு, சொட்டு போட்டாச்சான்னு கேட்டேன்,” என்றாள் அக்கா. “‘அங்க சம்பளம் வாங்குறீங்க, வேற என்ன கேப்பீங்க’ன்னு ஃபோனை வச்சுட்டா. ஏன்னு இப்பதான் புரியுது. நான் கூப்பிட்டா இனி எடுக்கமாட்டா. நீ பேசு.”

அண்ணியை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. என்னையும் அக்கா ஏவிவிட்ட ஆள் என்று நினைத்துவிட்டாரா? இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாரா?

மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.